சினந்தணியுந் தெய்வங்கள்: பண்டைக் கிரேக்க வாழ்விற் சமயமும் வன்னி வழிபாட்டு மரபும்

பண்டைக் கிரேக்கரின் சமயம் பற்றி நம்மிற் பலர் அறிந்திருப்பவை கதைகளே. சியூஸ் இடியேந்தியவன், அதீனா அவன் தலையிற் பிறந்தவள், ஒலிம்பஸ் மலையிலே பன்னிரு தெய்வங்கள் வாழ்ந்தனர், அவர்கள் மனிதரைப் போலவே காமமும் வெகுளியும் உடையவராயிருந்தனர். பொது நூல்கள் பலவும் இக்கதைகளையே கிரேக்க சமயம் என்னுந் தலைப்பின்கீழ்த் தருகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவன், கிரேக்கர் விந்தையான கதைகளை நம்பிய மக்கள் என்றும், பின்னர்த் தத்துவஞானிகள் தோன்றி அந்நம்பிக்கையைக் கலைத்தனர் என்றும் எளிதான ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான். ஆயின் ஹோமரை மட்டும் படித்து ஏதென்ஸ் நாட்டு உழவன் ஒருவனின் சமய வாழ்வை அறிய முனைவது, திருவிளையாடற் புராணத்தை மட்டும் படித்துவிட்டு முள்ளியவளைக் கமக்காரன் வைகாசி மாதத்தில் என்ன செய்கிறான் என்று கூற முனைவதை ஒக்கும்.

கிரேக்கத்தையும் தமிழகத்தையும் ஒப்பிட்டு நோக்கும் மரபு நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' என்ற நூலை 1941 இல் வெளியிட்ட ஜோர்ஜ் தொம்சனிடம் பேர்மிங்ஹாமில் ஆய்வு மேற்கொண்ட பேராசிரியர் க. கைலாசபதி, தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968 இல் நூல் வெளியிட்டார். அதே ஆசிரியரிடம் பயின்ற பேராசிரியர் கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகத்தின் இடத்தைக் கிரேக்க நாடகத்தின் தோற்றத்தோடு வைத்து ஆராய்ந்தார். நம் ஒப்பியலாய்வுக்கு அடித்தளமிட்டவை இவ்வாய்வுகள். எனினும் இவ்வொப்பீடு இரு பக்கத்தும் பெரும்பாலும் ஏட்டில் எஞ்சியவற்றையே சான்றாகக் கொண்டது. இன்றும் வழங்கிவரும் சடங்குகளைக் கொண்டு கிரேக்க ஏடுகளைப் படிக்கும் முயற்சி நம்மிடையே போதிய அளவு வளரவில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலம் அத்தகைய முயற்சிக்கு ஏற்ற களமாகும். இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நிலத்தையும் மழையையும் நம்பி வாழ்ந்த இரு சமூகங்கள், தம் வாழ்வின் எவ்விடத்திற் சமயத்தை வைத்தன என்பதே ஈண்டு நோக்கப்படும் வினா.

நம்பிக்கையும் செயலும்

கிரேக்க சமயத்துக்கு வேதநூல் இல்லை. எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய விசுவாசப் பிரமாணம் இல்லை. தனியொரு குருகுலமும் இல்லை. பூசகர் பதவி சில குடும்பங்களுக்கு வழிவழி உரியதாகவும், பிறவிடங்களில் நகரம் குடிமக்களுக்கு அளிக்கும் பொறுப்பாகவும் இருந்தது. ஒருவன் எதை நம்பினான் என்பதைவிட, எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு நின்று, எதைப் படைத்தான் என்பதே முதன்மை பெற்றது. அற்றிக்கா நாட்டின் எர்க்கியா என்ற ஊரிற் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதனைத் தெளிவாக்கும். ஆண்டு முழுவதும் எந்நாளில் எத்தெய்வத்துக்கு எவ்விடத்தில் எவ்விலங்கைப் பலியிடுவது, அதன் விலை என்ன, பலியிறைச்சியை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாமா என்பனவெல்லாம் அக்கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தெய்வங்களின் இயல்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சமயத்தில் அறியவேண்டியது முறையே என்று அவ்வூரார் கருதினர்போலும்.

நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை அறிந்தவர்க்கு இக்கல்வெட்டு விளங்காதிருக்க நியாயமில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் நிகழும் இப்பொங்கலுக்கு முன்னர்ப் பாக்குத்தெண்டல் நிகழும். பின்னர்ச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல்நீர் எடுக்கப்படும். அந்நீர் முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் வைக்கப்பட்டு, அந்நீரிலேயே விளக்கு ஏற்றப்படும். ஞாயிறன்று காட்டாவிநாயகருக்குப் பொங்கல். மறுநாள் வற்றாப்பளையில் அம்மனுக்குப் பொங்கல். இவற்றுள் எது எதற்கு முன் நிகழவேண்டும், யாருடைய கை எதைச் செய்யவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயின் உப்புநீரில் விளக்கு எரிவது எங்ஙனம், கண்ணகி தெய்வமானது எங்ஙனம் என்று வினவினால், ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். விளக்கங்கள் வேறுபடுவதால் பொங்கல் தடைப்படுவதில்லை. செய்முறை நிலைத்து நிற்க, அதற்குரிய கதையும் கருத்தும் அதனைச் சூழ்ந்து மாறிக்கொண்டிருக்கும் என்பது ஜேன் ஹரிசன் போன்றோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிரேக்க சமயம் பற்றிக் கூறிய கருத்து. சடங்கிலிருந்தே கதைகளெல்லாம் தோன்றின என்று அவரைப் பின்பற்றியோர் மிகைப்படக் கூறியதைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. எனினும் செயலுக்கு அவர் கொடுத்த முதலிடம் இன்றும் மறுக்கப்படவில்லை.

காடும் வயலும்

கிரேக்கத்தில் வழியோரங்களிற் கற்குவியல்கள் இருந்தன. அவற்றைக் கடந்துசெல்வோர் தாமும் ஒரு கல்லை இட்டுச் செல்வர். வழிப்போக்கரைக் காக்கும் ஹெர்மிஸ் என்ற தெய்வத்தின் பெயர் அக்கற்குவியலின் பெயரோடு தொடர்புடையது என்பர். பின்னாளில் வீட்டுவாயிலிலும் தெருமுனையிலும் ஹெர்மிசின் தலை பொறித்த கற்றூண்கள் நின்றன. கி.மு. 415 இல் சிசிலிமீது படையெடுக்கக் கப்பல்கள் ஆயத்தமாயிருந்தபோது, ஓரிரவில் இத்தூண்கள் உடைக்கப்பட்டன. அதனால் ஏதென்ஸ் நகரமே நடுக்கமுற்றது. குடியாட்சிக்கு எதிரான சதி என அஞ்சினர். தெருமுனைக் கல்லொன்றை உடைப்பது அரசியலைத் தாக்குவதாகக் கருதப்பட்டமையே, சமயம் அவர்கள் வாழ்வில் எவ்வளவு கலந்திருந்தது என்பதைக் காட்டும்.

வன்னியிற் காட்டுவழி புகுவோர் மரத்தடியிற் குழை முறித்துவைத்துப் பிள்ளையாரையோ ஐயனாரையோ நினைத்துச் செல்லும் வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது. குளக்கட்டுகளில் ஐயனாருக்கு இடமுண்டு. இரணைமடுக் குளக்கரையிற் கனகாம்பிகை அம்மன் கோயில் உண்டு. வன்னியிலே குளம் உடைந்தால் வயல் இல்லை. வயல் இல்லையேல் ஊர் இல்லை. கட்டின்மேல் நிற்கும் தெய்வத்தைப் பேணுவதும் கட்டைப் பேணுவதும் இங்கு ஒரே கடமையின் இரு கூறுகள். கிரேக்கப் பெண்கள் விதைப்புக்கு முன்னர் டெமீற்றர் தேவிக்கு எடுத்த தெஸ்மபோரியா விழாவில், பலிப்பொருள்களின் எச்சங்களை விதைநெல்லோடு கலப்பதுபோன்று விதைத் தானியத்தோடு கலந்தனர். உழைப்பு எங்கே முடிந்து வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று அவ்விழாவிற் பிரித்துக்காட்டல் அரிது. சூடு மிதிக்கும் களத்தில் நெல்லைப் 'பொலி' என்றே அழைக்கவேண்டும் என்ற நம் கமக்காரரின் விதியும் இத்தகையதே.

நாக வழிபாடும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கிளிநொச்சி மாவட்டத்துப் புளியம்பொக்கணையிலும் புளியங்குளத்தை அடுத்த புதூரிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கலிடுவர். கிரேக்கரும் வீட்டின் களஞ்சியத்தைக் காக்கும் சியூசைப் பாம்புருவில் வழிபட்டனர். மருத்துவக் கடவுளாகிய அஸ்கிளீப்பியசின் கோலிலும் பாம்பு உண்டு. அஞ்சத்தக்கதை இனிய பெயரால் அழைப்பதும் இருவருக்கும் பொதுவான பண்பாகும். கொடிய நஞ்சுடைய பாம்பை 'நல்லபாம்பு' என்றும், கொப்புளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்றும் நாம் கூறுகின்றோம். பழிவாங்கும் எரினியரைக் கிரேக்கர் 'அருளுடையோர்' என்றனர். இப்பெயர் மாற்றத்தின் உட்பொருளை ஆராய்வதே அடுத்த பகுதியின் நோக்கம்.

சினமும் தணிப்பும்

கி.மு. 458 இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய 'ஒரெஸ்தையா' என்னும் முந்நாடகத்தின் இறுதிப் பகுதியில், தாயைக் கொன்ற ஒரெஸ்தீசை எரினியர் துரத்துகின்றனர். அதீனா வழக்கை நீதிமன்றின்முன் வைக்கிறாள். வாக்குகள் சமமாகின்றன, அவளுடைய வாக்கினால் ஒரெஸ்தீஸ் விடுதலை பெறுகிறான். தோற்ற எரினியர் நாடு வறளும், பிறப்பு நின்றுபோகும் என்று வெகுண்டெழுகின்றனர். அதீனா அவர்களை விரட்டவில்லை. பொறுமையோடு பேசி, நகரத்தின் அடிநிலத்தே அவர்களுக்கு இருப்பிடமும் வழிபாடும் தர வாக்களிக்கிறாள். அவர்கள் இசைந்து நாட்டை வாழ்த்துகின்றனர். மக்கள் தீவட்டி ஏந்தி அவர்களைப் புதிய கோயிலுக்கு அழைத்துச் செல்வதோடு நாடகம் முடிகிறது. குலப்பழி மறைந்து சட்டநீதி தோன்றும் வரலாற்றுக் கட்டத்தின் வெளிப்பாடாகத் தொம்சன் இதனை விளக்கினார்.

வற்றாப்பளைக் கதையும் சினத்தோடு தொடங்குகிறது. மதுரையை எரித்தும் சினம் ஆறாத கண்ணகி ஈழத்துக்கு வந்து இடந்தோறுந் தங்கிப் பத்தாவதாக இங்கு வந்தாள் என்றும், 'பத்தாம்பளை' என்பதே வற்றாப்பளை என மருவிற்று என்றும் கூறுவர். நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த இடைச்சிறுவரிடம் அவள் முதிய பெண்ணாக வந்து பசி என்றாள். சிறுவர் பொங்கிக் கொடுத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது. பேன் பார்க்கும்படி அவள் தலையைக் காட்ட, அங்கே கண்களைக் கண்டு சிறுவர் திகைத்தனர், அவள் மறைந்தாள். மதுரையை எரித்த தீ இங்கு விளக்காகிறது. எரிக்கவேண்டிய எண்ணெய்க்குப் பதிலாக அணைக்கவேண்டிய நீரே எரிகிறது. அதீனா சொல்லால் செய்ததைச் சிறுவர் ஒரு பிடி சோற்றால் செய்கின்றனர். கிழக்கிலங்கையில் இதே தெய்வத்துக்கு எடுக்கும் சடங்கைக் 'குளிர்த்தி' என அழைப்பதும் இவ்வுண்மையையே சுட்டும்.

இவ்வொற்றுமையோடு நின்றுவிட்டால் ஒப்பியல் வெறும் வியப்பாக முடியும். இரு கதைகளுக்குமிடையே ஆழ்ந்த வேற்றுமை ஒன்றுண்டு. ஏதென்சில் நீதிமன்றம் இரத்தப்பழியின் சங்கிலியை அறுக்கிறது. மதுரையிலோ அரசவையின் நீதியே தவறிற்று. ஆராயாது கொலைத்தண்டம் விதித்த மன்றினாலேயே சினம் பிறந்தது. எரினியருக்கு நகரமும் அதன் சட்டமும் இடங்கொடுத்தன. கண்ணகிக்கு இடங்கொடுத்தவர் மாடு மேய்க்கும் சிறுவர். அரசு தவறிய இடத்தில் ஊர் அக்கடமையை ஏற்றது. ஈஸ்கிலசின் நாடகம் அரசின் வெற்றியைப் பாடுவதென்றால், வற்றாப்பளைச் சடங்கு அரசின் தோல்வியை ஆண்டுதோறும் நினைவூட்டுவது எனலாம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. தணித்தல் வேறு, அடக்குதல் வேறு. எரினியர் தம் இயல்பை இழக்கவில்லை. தீங்கிழைப்போரைத் தொடரும் உரிமை அவர்களிடமே எஞ்சியது. கண்ணகியும் மறக்கப்பட்டுவிடவில்லை. வன்னியில் 'சிலம்புகூறல்' என்றும், மட்டக்களப்பிற் 'கண்ணகி வழக்குரை' என்றும், யாழ்ப்பாணத்திற் 'கோவலனார் கதை' என்றும் வழங்கும் நூல் அவள் வழக்கை உரைப்பது. பொங்கலால் குளிரும் தெய்வம், தன் முறைப்பாட்டை மீளப்பெறாமலே குளிர்கிறாள்.

அரங்கும் முன்றிலும்

ஏதென்சின் துன்பியல் நாடகங்கள் டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில், அத்தெய்வத்தின் கோயிலை அடுத்த அரங்கிலே நடிக்கப்பட்டன. நகரம் தன் அச்சங்களையும் குற்றங்களையும் தானே பார்க்கும் இடமாக அவ்வரங்கு அமைந்தது. பாரசீகரைச் சலாமிசில் வென்று எட்டாண்டுகளே கழிந்த கி.மு. 472 இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகத்தை அளித்தார். அதன் களம் பகைவர் தலைநகர். கேட்பது தோற்றவரின் ஒப்பாரி. வென்றவர் அதனை அமர்ந்து பார்த்துப் பரிசும் வழங்கினர். ஆயின் அந்நகரமே அதற்கு முன்னர், மிலேற்றஸ் நகர வீழ்ச்சியை நாடகமாக்கிய பிரினிக்கசுக்கு, தம் சொந்தத் துயரை நினைவூட்டினார் என்று ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் மேடையேற்றலாகாது என்றும் கட்டளையிட்டது. ஆகவே கிரேக்க அரங்கு எல்லாத் துயரையும் வரவேற்றது என்று புகழ்வது பொருந்தாது. எத்துயரை நினைக்கலாம், எதனை நினைக்கலாகாது என்ற போராட்டம் அங்கும் இருந்தது.

முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தும் வழிபாட்டு மரபோடு ஒட்டி வளர்ந்ததே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிற் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது ஈழத்துக் கூத்துக்குப் புதிய மதிப்பும் படித்தோரிடையே புதிய பார்வையாளரும் கிடைத்தனர். அப்பணியின் பெருமை குறையாது. எனினும் மண்டபத்துக்கு வந்த கூத்து, விடியும்வரை விழித்திருந்து நேர்த்தியோடு பார்க்கும் ஊரை முன்றிலிலே விட்டு வந்தது. கிரேக்க நாடகத்தை இன்று நாம் நூலாகப் படிக்கும்போதும் இழப்பது அதுவே.

மறுப்பும் திருத்தமும்

கிரேக்க சமயத்துக்கு உள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. எத்தியோப்பியர் தம் தெய்வங்களைக் கருநிறத்தினராகவும் திரேசியர் நீலக் கண்ணினராகவும் எண்ணுகின்றனர் என்று செனொபேனிஸ் எள்ளினார். தெய்வங்களை இழிவாகக் காட்டும் கதைகளைத் தம் இலட்சிய அரசிலிருந்து பிளேட்டோ விலக்கினார். நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை என்பது கி.மு. 399 இல் சோக்கிரதர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. செயலைப் பேணிய சமூகம் சிந்தனைக்கு எப்போதும் இடமளிக்கவில்லை என்பதற்கு அவர் அருந்திய நஞ்சே சான்று.

நம் நாட்டிலே ஆறுமுக நாவலர் (1822-1879) ஆகமநெறியில் நின்று கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். சமண காவியமொன்றின் வணிகப்பெண் சைவர்க்குத் தெய்வமாதல் தகாது என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றன. நாவலரின் கண்டனத்தைப் பிளேட்டோவின் கண்டனத்தோடு ஒப்பிடலாம். இருவரும் தெய்வத்தைத் தூய்மைப்படுத்த விரும்பினர். அதனாலேயே தெய்வத்தின் வழக்கை இழக்கச் செய்தனர். பேரரசியாகிய இராஜராஜேஸ்வரிக்கு எந்த அரசன்மீதும் முறைப்பாடு இருத்தல் இயலாது. வன்னி கண்ணகி என்ற பெயரை விடாது காத்தமை, அறியாமையால் நேர்ந்த பின்தங்கல் என்று கருதப்படுவது உண்டு. அது நினைவின் உறுதி என்று கொள்வதே பொருத்தம்.

இங்ஙனம் கூறுவதால் ஊர்ச்சமயம் குறையற்றது என்று கொள்ளற்க. ஏதென்சின் பலிவிருந்து குடிமக்களை இணைத்தது. அடிமைகளை அக்குடியுரிமைக்கு வெளியே வைத்தது. பெண்கள் சமயத்திற் பூசகராகலாம். மன்றில் வாக்களிக்க இயலாது. நம் கோயில்களிலும் கடமைகள் சாதிவழி பகிரப்பட்டன. பலருக்கு உரிமை என வழங்கியதே சிலருக்கு எல்லையாகவும் அமைந்தது. ஊரை ஒன்றுசேர்க்கும் சடங்கு, ஊரின் ஏற்றத்தாழ்வையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும். இதனைக் காணாத ஆய்வு, ஆய்வாகாது. கோயில் மலர் வாழ்த்துரையாகும்.

இடப்பெயர்வும் மீள்வும்

கி.மு. 480 இல் பாரசீகப் படை நெருங்கியபோது, அக்ரோபொலிசில் வாழ்ந்ததாக நம்பப்பட்ட திருநாகத்துக்கு மாதந்தோறும் வைக்கும் தேன்பணியாரம் தீண்டப்படாது கிடந்தது என்று ஹெரோடோற்றஸ் கூறுகிறார். பூசகி இதனை அறிவித்ததும், தெய்வமே நகரைவிட்டு நீங்கிற்று என்று மக்கள் முன்னினும் விரைந்து வெளியேறினர். பாரசீகர் கோயில்களை எரித்தனர். மீண்டுவந்த மக்கள் பார்தினன் கோயிலைக் கட்டத் தொடங்கியது கி.மு. 447 இல். இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் இடிபாடுகளின் நடுவே விழாவெடுத்து வாழ்ந்தனர். கோயிற் கட்டடம் இல்லாமலே சமயம் நிலைத்தது.

2009 மே மாதத்திற் போர் முடிந்தது நந்திக்கடலோரத்தில். வன்னி மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்து, முகாம்களில் வாழ்ந்து, பின்னர்ப் படிப்படியாக மீண்டனர். மீண்டபின் கண்ணகிக்குப் பொங்கலும் மீண்டது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கி நடக்கும் அடியார்களும் வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டு செல்கின்றனர். ஆயின் அக்கடற்கரையில் இறந்தோருட் பலர்க்கு ஈமக்கடன் இல்லை. சொபோக்கிளிசின் அன்ரிகனி தமையனின் உடலுக்காக அரசாணையை எதிர்த்தது எதற்காக என்பதை நம்மவர்க்கு உரைநூல் கொண்டு விளக்கவேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயிலின் முன்றிலிலே. அவர்கள் தேங்காய் உடைத்ததும் கற்பூரம் ஏற்றியதும் ஆறுதல் வேண்டி மட்டுமன்று. சிலம்பேந்தி நின்றவளைப்போல அவர்களும் வழக்குரைத்தனர். விடை கூறவேண்டிய மன்று இன்னமும் கூறவில்லை.

சமயம் மக்களுக்கு ஆறுதல் தருகிறது என்று அதனைப் போற்றுவோரும், மயக்கம் தருகிறது என்று தூற்றுவோரும் ஒன்றையே கூறுகின்றனர்: அது சினத்தை மறக்கச் செய்கிறது என்பதே இரு சாராரின் கருத்து. கிரேக்கச் சான்றும் வன்னிச் சான்றும் இதற்கு மாறானவை. சினத்துக்கு ஓர் இடமும் ஒரு நாளும் ஒரு முறையும் வகுத்து, அது ஊரை எரிக்காமலும் அவிந்துபோகாமலும் காத்தலே இச்சமூகங்களிற் சமயம் ஆற்றிய பணி. இன்று வன்னியிற் கோயில்கள் பெருங் கோபுரங்களோடு புதுக்கப்படுகின்றன. மண்டபம் உயர்வதில் தவறில்லை. ஆனால் ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் கையாற் செய்த பணி, கட்டணம் செலுத்திக் கைகட்டி நின்று பார்க்கும் பூசையாக மாறுமிடத்து, எர்க்கியாவின் கல்லிற்போல முறைமட்டும் எஞ்சும். அதனை ஆற்றிய ஊர் எஞ்சாது. பாக்குத்தெண்டல் முதல் மடை பரப்புதல் வரையான செய்முறைகளையும், சிலம்புகூறலின் ஏட்டு வேறுபாடுகளையும், அவற்றில் யார்க்கு இடமுண்டு, யார்க்கு மறுக்கப்பட்டது என்பதையும் அறிந்த முதியோர் உள்ளபோதே பதிவுசெய்தல், கலைப்பீட மாணவராகிய நமக்கு உடனடியான கடனாகும்.